இரண்டு விரல் கீழே

தோல் உரிப்பது பெரிய வேலையில்லை.
கண்ணைச் சுற்றி, காதடியில், உதட்டோரம்
கத்தி தானாகப் போகும்.
தண்ணீருக்குத்தான் பயம்.
கொம்பு முளைக்கும் இடத்தில் மோதிரம் போல ஓர் எலும்பு வளையம்.
அதற்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும் கொதிநீர்.
ஏறினால் பூமயிர் கழன்று வந்துவிடும்,
வெந்த தக்காளித் தோலாட்டம்.

புள்ளிமான், ஆண்.
வியாழன் ராத்திரி, சிறுமுகை ரோட்டில் ஏதோ வண்டி.
வாட்சர் நஞ்சப்பன் கோணிப்பையை
ஆய்வகப் படியில் இறக்கினார்.
"தலை மட்டுந்தானுங்.
மிச்சத்த டாக்டர் அறுத்துப் பாத்து எரிச்சாச்சு."

எபனேசர் சார் கொம்பைத் தடவினார்.
பூமயிரோடு நம்மிடம் ஒன்றுகூட இல்லை சம்பூரணம்,
கெடுத்துவிடாதே என்றார்.
அன்றைக்கே ஊட்டிக்குக் கருத்தரங்கு போய்விட்டார்.

நுனி இன்னும் கூராகவில்லை.
மொண்ணையாக, சற்றே வீங்கி,
உள்ளே ரத்தம் ஓடி வளர்ந்துகொண்டிருந்த கொம்பு.
நுனியைக் கீறித் தலைகீழாகக் கட்டினேன்.
கிண்ணத்தில் சொட்டியது கொஞ்சம்தான், கறுப்பாக.
பிறகு ஊசி, அடியிலிருந்து மேலே,
விரற்கடைக்கு ஒரு குத்து,
கீறலில் ஃபார்மலின் துளிர்க்கும் வரை.
கண்ணெல்லாம் எரிச்சல்.
சன்னலுக்கு வெளியே தேக்கு மரத்தில்
ஒரு மயில் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது.

அண்டா, கேண்டீன் சென்னியப்பனுடையது.
எதற்கென்று தெரிந்ததும்
"திருப்பிக் கொண்டாந்துராதீங்" என்றார்.
நல்லது, ஆய்வகத்துக்கு ஓர் அண்டா லாபம்.
கொம்புக்கு ஈரத்துணி, அதன்மேல் அலுமினியத் தாள்.
சோடா உப்பு ஒரு கைப்பிடி.
கொதிக்க விடாமல், தளதளவென்று வருமுன்
அடுப்பைக் குறைத்து, மீண்டும் ஏற்றி,
மூன்று மணி நேரம்
நீர்க்கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
நடுவில் சிலிண்டர் தீர்ந்தது.
மேசைக் கால்களுக்கு மண்ணெண்ணெய்க் கிண்ணம் வைத்தும்
எறும்பு வந்தது, சுவர் வழியாக.

சதை பஞ்சாய் விட்டது.
மூளையைக் கம்பியால் கலக்கிக் குழாயடியில் ஊற்றினேன்.
பல் துலக்கும் பிரஷ்ஷால் கடைவாய்ப்பல்லைத் தேய்த்தபோது
இடுக்கில் பச்சையாக ஏதோ.
புல் என்று நினைத்தேன்.
வெந்தும் வேகாமல், உமியோடு,
ஒரு சோள மணி.
பால் பிடித்தது.

சோளம் யார் காட்டிலும் இருக்கும்.
பெத்திக்குட்டையில் இருக்கிறது, லிங்காபுரத்தில் இருக்கிறது.
எங்கள் ஒன்றரை ஏக்கரிலும் இருக்கிறது,
ரோட்டுக்குத் தெற்கே.

வியாழன் ராத்திரி எங்க வூட்டுக்காரர்
டார்ச்சோடும் பட்டாசோடும் போனார்.
நாலு வெடி கேட்டது.
வந்து கால் கழுவிக்கொண்டே
"அத்தனையும் ரோட்டுப் பக்கம் ஓடிருச்சு, இனி வராது" என்றார்.
நான் பாதித் தூக்கத்தில்
"சரி, கதவைச் சாத்துங்க" என்றேன்.

மணியைக் குழாயடியில் விடவில்லை.
ஏன் என்று தெரியாது. மாதிரிக் குப்பியில் போட்டேன்.
குப்பிக்கு எண் கொடுக்கவில்லை.

பெராக்சைடு நனைத்த பஞ்சால் மண்டையைப் போர்த்தினேன்,
வளையத்துக்கு அங்கேயும் இரண்டு விரல் கீழே.
மூன்றாம் நாள் பிரித்தால் எலும்பு வெளுத்திருந்தது.
இடது கொம்பு முழுசாய், எதிர்ப்பக்கம் தடவினால்
மயிர் சிலிர்த்துப் பழையபடி படிகிறது.
வலதில் புளியங்கொட்டை அளவு கழன்றுவிட்டது.
பசை வைத்து ஒட்டினேன். சாருக்குத் தெரியும், சொல்லமாட்டார்.

சீட்டில் எழுதினேன்:
இனம், பால், இடம், தேதி.
இறந்த காரணம் என்ற கோட்டில்
'வாகனம் மோதி.'
கோடு இன்னும் நீளமாக இருந்தது.

ராத்திரி சோறு போட்டபடி கேட்டேன்:
"வியாழக்கெழம வெடி போட்டீங்களே,
மணி எத்தனை இருக்கும்?"
"பதினொன்னு. எதுக்கு?"
"சும்மாதா."
ரசம் ஊற்றினேன்.
அவர் சாப்பிடுகிறார்.
தெற்கே, காற்றில்லாத சோளக்காட்டில்
ஏதோ ஒரு தட்டு ஒடிகிற சத்தம்.
அவரும் கேட்டார்.
எழுந்திருக்கவில்லை நான் பார்த்த வரை,
டார்ச்சை மட்டும் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டார்.